களத்தில் கழற்றிய செருப்பு

அன்புள்ள திலகவதி,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் மகள் சுகுணா பக்கத்திலேயே இருப்பாள். அதனால்தான் கடிதம். முந்தாநாள் இங்கே ஸ்பெயினில் ஒரு விவசாயக் கிராமத்துக்குக் கூட்டிப்போனாள். அறுத்துக் குவித்த கோதுமை அம்பாரத்தைக் கண்டதும், நம் ஊர்க் களத்தில் நெல்லை மிதிக்கக் கூடாது என்று செய்வதுபோல செருப்பைக் கழற்றிவிட்டேன். தரையெல்லாம் முள், காலில் குத்திவிட்டது.

"ஏம்ப்பா, இங்கிட்டு டிராக்டரே அதுமேல ஏறுது, நீங்க செருப்பைக் கழட்டுறீங்க!" என்று சிரித்தாள். சின்னக் காயம்தான், பயப்படாதே.

ஆனால், "கால் ஆறட்டும், பொங்கலுக்கு அப்புறம் ஊருக்குப் போங்க" என்கிறாள். எனக்கு இங்கே இருந்து களைத்துவிட்டது, திலகா; இப்போதே ஊருக்கு வர வேண்டும்.

என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை. 'தனியாக இருக்க முடியவில்லை, அப்பாவை அனுப்பு' என்று நீயே அவளிடம் போனில் சொல். பொய்யாக இருந்தாலும் சொல்.

சுகுணா வருகிறாள், இத்தோடு முடிக்கிறேன்.

நாகராசு