என் தோள் உயரத்தில்

ஜூன் 4

தார்வாடில் மழை பிடித்துக்கொண்டது. நூலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு என் வீட்டைப் பார்க்கப் போனேன். என் வீடு. எழுதவே கூச்சமாக இருக்கிறது. கூரை போட்டாயிற்று, பூச்சுக்கு முன்னால் சுவரை வெட்டி வயரிங் குழாய் பதிக்க வேண்டும்.

சுவிட்சுகள் மூன்றடிக்கு மேல் போகவே கூடாது என்று எலக்ட்ரீஷியன் தஸ்தகீர் அண்ணாவிடம் சொன்னேன். என் உயரம் மூன்றரை அடி. நாற்பத்து மூன்று வயதுக்குள் ஏழு வாடகை வீடுகள் பார்த்துவிட்டேன். எல்லா வீட்டிலும் குடைக்கம்பால் குத்தித்தான் விளக்கு எரிந்தது. குத்திக் குத்திச் சுவிட்சின் மூலை உடைந்து, காலி செய்கிறபோது அதற்கும் பேச்சு வாங்கியிருக்கிறேன். தஸ்தகீர் அண்ணா தலையாட்டினார்.

ஜூன் 7

ஹூப்ளியிலிருந்து அண்ணன் போன் செய்தான். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள்.

"மூணடியில சுவிட்சா? வர்றவன் போறவன் எல்லாம் குனியணுமா நீலு? நாளைக்கு வித்தா எவன் வாங்குவான்?"

விற்கமாட்டேன் என்றேன்.

"நீ விக்க மாட்ட. உனக்கப்புறம் என் பையனுக்குத்தானே வரும்? அவன் ஆறடி வளந்து நிக்கிறான்."

எனக்கப்புறமா? நான் இன்னும் குடியே போகல. அதுக்குள்ள எனக்கப்புறம் யாருன்னு கணக்கு. அவன் கெட்டவன் இல்லை, தெரியும். மனையைத் தேடி அலைந்தவனே அவன்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

ஜூன் 8

எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 11

சுவிட்சு வாங்க தஸ்தகீர் அண்ணாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் பத்மராஜ் என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்து, "அம்மாவுக்கு எந்த மாதிரி வேணுமாம்?" என்றார்.

"அம்மாகிட்டயே கேளுங்க. வாய் என்னைவிட நல்லாவே பேசும்" என்றார் தஸ்தகீர் அண்ணா.

பத்மராஜ் முகம் சுருங்கிப்போனது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததை மறக்கமாட்டேன். மாதிரிப் பலகைகள் எல்லாம் சுவரில் உயரத்தில் தொங்கின. ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் பரப்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானும் கீழே உட்கார்ந்தார். மூன்று பேரும் கடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுவிட்சுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கண்ணாடித் தகடு ஒன்றைக் காட்டினார். தொட்டாலே எரியுமாம். பார்க்க அழகுதான், ஆனால் எரிகிறதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. எனக்கு டக் என்று கேட்க வேண்டும். இத்தனை வருடம் கம்பு முனையில் போட்ட எனக்கு, விரலுக்கு அடியில் அது சாய்வது தெரிய வேண்டும். என் விரல்கள் குட்டை. ஆகவே அகலமான முகம் உள்ள வெள்ளைச் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தேன். பிளக் பாயிண்டுக்கு ஓட்டையை மூடும் தகடு உள்ளதாக வாங்கச் சொன்னார் தஸ்தகீர் அண்ணா. "வீட்டுக்கு வர்ற குழந்தைங்க கைக்கும் எட்டுமே."

இதை நான் யோசிக்கவே இல்லை.

ஜூன் 15

போச்சு. எல்லாம் போச்சு.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஹால், படுக்கையறை, சமையலறை மூன்றிலும் சுவரை வெட்டிச் சுவிட்சுப் பெட்டி பதித்தாகிவிட்டது. எல்லாம் நாலரை அடியில். கையைத் தூக்கிப் பார்த்தேன், எட்டவில்லை. என் வீட்டிலேயே எட்டவில்லை. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். நீதானே சொன்னே, உன் பையனுக்குத்தானே எல்லாம் — என்னென்னவோ கத்தினேன். "நான் ஒண்ணும் சொல்லல நீலு" என்றான். வைத்துவிட்டேன்.

ஜூன் 16

அண்ணன் சொல்லவில்லைதான்.

தஸ்தகீர் அண்ணா காலையிலேயே புது வீட்டு வாசலில் நின்றார். "தப்பு என்னோடதுதான்க்கா. நான் டேப்பு வச்சு அளக்குறதே இல்ல. என் நெஞ்சுதான் அளவு. முப்பது வருஷமா சுவர் முன்னாடி நின்னா கை தானா அந்த எடத்துல கோடு போட்டுடும். நீங்க சொன்னது மண்டையில இருந்துச்சு, கையில இல்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி நேராக ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிக் கோபப்படுவது?

ஓட்டைகளை அடைக்க சிமெண்ட் குழைத்து வைத்திருந்தார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "வாங்க, சுவத்துல சாஞ்சு நில்லுங்க" என்றார். என் தோளுக்கு நேராக ஒரு கோடு. அடுத்த அறை, அடுத்த கோடு. படுக்கை வரப்போகிற இடத்தில் கோணிச் சாக்கை விரித்துப் படுக்கச் சொல்லி, கை போகிற இடத்தில் ஒன்று.

"இந்த வீட்டுக்கு நீங்கதான் டேப்பு."

சிரித்தேன். பிறகு திரும்பி நின்று அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. சட்டை தைக்கிறவர் தவிர வேறு யாரும் என்னை அளவாக வைத்து எதுவும் செய்ததில்லை. அவருக்கு நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 20

இருபத்தேழு சுவிட்சு. எல்லாவற்றையும் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன்.

ஆகஸ்ட் 9

சிராவண மாதத்தில் நல்ல நாள் பார்த்துக் குடிபுகுந்தாயிற்று. ஹோளிகெப் போளியும் நெய்யும் மீதமில்லாமல் தீர்ந்தன. பத்மராஜ் வந்து தன் சுவிட்சுகளைக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்ப்பது போல் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். தஸ்தகீர் அண்ணா மனைவியோடு வந்து சாப்பிட்டார். இவ்வளவு பேர் எனக்காக வந்தார்கள்.

எல்லோரும் போனபின் அண்ணனிடம் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடு" என்றான். "நானும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கல."

அதற்குள் இருட்டிவிட்டது. பையை எடுக்க உள்ளறைக்குப் போனான். சுவரில் கை தடவுகிற சத்தம் கேட்டது. மேலே, இன்னும் மேலே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"நீலு, கொஞ்சம் வந்து லைட்டப் போடேன்."

பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எழுந்து போய்ப் போட்டேன்.