மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த மூன்று சொல்

ஜூன் 2, திங்கள்

மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் தாய்மொழி ஸ்பானிஷ். ஞாயிறன்று அவர் அம்மா கல்யாணம் பேச வருகிறார். அந்த அம்மாளுக்கு வேறு மொழி தெரியாது. ஒரு வருஷமாகப் புத்தகம் வைத்துப் படித்ததை மாப்பிள்ளையிடம் பேசிக் காட்டினேன்.

"மாமா, கோர்ட்டு நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

சகஜமாகப் பேச மூன்று சொல் எழுதிக் கொடுத்தார். 'பாலே' - சரி சரி. 'கே குவாய்' - அட, பிரமாதம். 'நோ பாசா நாதா' - அட விடுங்க, பரவாயில்லை.

எழுதும்போது சிரித்தார். எதற்கு?

ஜூன் 4

சந்தேகம் சும்மா வரவில்லை. போன வருஷம் மாப்பிள்ளை, அத்தையிடம் மரியாதையாகச் சாப்பாடு கேட்பது எப்படி என்று என்னைக் கேட்டார். "ஏ கிழவி, சோத்தப் போடு" என்று முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்த மகராசன் நான்தான். கைகூப்பிச் சொன்னார். என் மனைவி கரண்டியோடு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அடுப்படிக்குள் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். பாவம், இன்றைக்கும் அப்படியேதான் கேட்கிறார்.

இதற்குள் அர்த்தம் தெரிந்திருந்தால் பழி வாங்காமல் விடுவாரா? நானாயிருந்தால் விடமாட்டேன்.

ஜூன் 6

அகராதி வைத்துச் சொல் சொல்லாகக் கூட்டினேன். 'நோ பாசா நாதா' - ஒன்றும் நடக்காது என்று வருகிறது! கல்யாணப் பேச்சில் சொல்கிற சொல்லா இது?

மகள் வேறு: "அப்பா, உன் குறும்பால இந்தக் கல்யாணம் கெட்டுப்போச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்."

ஜூன் 8, ஞாயிறு

வம்பே வேண்டாமென்று கோர்ட்டு நோட்டீஸ் பாஷையிலேயே பேசினேன். அந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, இண்டர்வியூவுக்கு வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மகன் காதில் ஏதோ கேட்டார். இவருக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லையா என்று கேட்டாராம். மகள் என்னைப் பார்வையாலேயே எரித்தாள்.

அந்தப் பதற்றத்தில் அம்மாள் காப்பியை என் சட்டையில் கொட்டிவிட்டார். சுட்ட சூட்டில் யோசிக்க எங்கே நேரம்? "நோ பாசா நாதா!"

தொலைஞ்சுதுடா என்று கண்ணை மூடினேன். திறந்தால் - சிரிக்கிறார்! கைப்பை தரையில் கிடக்கிறது. என் சட்டையைத் துடைத்துக்கொண்டே ஓயாத பேச்சு. கல்யாணத் தேதி குறித்த பிறகுதான் எழுந்தார்.

ஜூன் 9

மனசு உறுத்தி, கிழவி விஷயத்தை மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் மாமா. அன்னைக்கே அடுப்படியில அத்தை சொல்லிட்டாங்க. நீங்க கதவோரம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறதைப் பாக்கணும்னு, தொடர்ந்து அப்படியே கேக்கச் சொன்னாங்க."

ஒரு வருஷம்! ரெண்டு பேரும்!

மதியம் மேசையில் உட்கார்ந்து நானும் கேட்டுப் பார்த்தேன்: "ஏ கிழவி, சோத்தப் போடு."

தட்டு வந்தது. மாப்பிள்ளைக்கு.