கழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது

என் உயிரான அத்தாவுக்கு,

உங்கள் மகள் பல்கீஸ் எழுதுகிறேன். அல்லாஹ் உங்கள் கபுர்க் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். பேகம்பூரில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது அத்தா. உயிரோடு இருக்கிற யாரிடமும் இதை முழுசாகச் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கழுத்து வலி. கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறேன் இல்லையா, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் நாள் முழுக்கக் குனிந்தே கிடப்பேன். பிடரியில் தொடங்கிய வலி தோளுக்கு வந்தது. பிறகு வலது கையில் இறங்கிக் கட்டைவிரலில் எறும்பு ஊர்வது போல நின்றது.

மற்ற வீடுகளில் இது வெறும் கழுத்து வலி. நம் வீட்டில் அப்படிச் சொல்லிவிட முடியுமா? உங்களுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது. தோல் மண்டியில் கட்டுகளைச் சுமந்த கழுத்து. சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி ஒருவர் உங்கள் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருகினார். "இப்பத்தான் லேசாயிருக்கு" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தீர்கள். அன்று சாயங்காலமே தலை சுற்றியது, வாந்தி வந்தது, என் பெயரைக் கூப்பிட முயன்று நாக்குக் குழறியது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் கழுத்துக்குள் கிழிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நீங்கள் திரும்பி வரவில்லை.

அதனால்தான் எனக்கு வலி என்றதுமே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கழுத்துல ஒருத்தரையும் கைவைக்க விட்ராத தாயி. இம்புட்டுத்தான் உன்கிட்ட கேக்குறேன்."

விடவில்லை. தைலம் தேய்த்துவிட வந்த உங்கள் மருமகன் ஜாபரைக்கூடத் தள்ளிவிட்டேன். தலையைத் திருப்பாமலே வேலை பார்த்தேன், திருப்பாமலே தூங்கினேன். அசைக்காமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கழுத்து மரக்கட்டையாக இறுகியதுதான் மிச்சம். ஒருநாள் தேநீர்த் தம்ளர் தானாகவே கையிலிருந்து நழுவி விழுந்தது. ஜாபர் அதைப் பார்த்துவிட்டார். "கிளம்பு" என்றார், நேராக டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் என் இரண்டு கைகளின் பிடியையும் சோதித்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது உங்கள் முகம்தான் தெரிந்தது. "கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் கொஞ்சம் பிதுங்கி, கைக்குப் போற நரம்பை அழுத்துது. ஆபரேஷன் இப்ப வேண்டியதில்ல. பிசியோதெரபிக்குப் போங்க" என்றார் டாக்டர். நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கோ, என் தலையைப் பிடிக்க இரண்டு கைகள் காத்திருக்கின்றன என்பது மட்டும்தான் கேட்டது.

பிசியோதெரபி பார்க்கிற பெண்ணின் பெயர் கவிதா, சொந்த ஊர் சாணார்பட்டிப் பக்கம். முதல் நாள் அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அலறிவிட்டேன் அத்தா. அங்கிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். உங்கள் கதையைச் சொன்னேன்.

குறுக்கிடாமல் முழுவதும் கேட்டாள். அப்புறம், "நீங்க பயப்படுறது நியாயம்தான்க்கா. நான் திருக மாட்டேன், சொடக்கு எடுக்க மாட்டேன். இன்னைக்குத் தொடவே போறதில்ல. வலிக்காத வரைக்கும் நீங்களே மெதுவாத் திருப்புங்க, போதும்" என்றாள்.

தாடையை நேராகப் பின்னால் இழுக்கச் சொன்னாள். தோள்பட்டைகளைப் பின்பக்கமாகச் சேர்த்துப் பிடித்து, பிறகு தளர்த்தச் சொன்னாள். ஆரிச் சட்டத்தை உயர்த்தி வைக்கவும், அடிக்கடி எழுந்து நடக்கவும் சொன்னாள். கடைசியில் ஒன்று சொன்னாள்: "தலை சுத்துனாலோ, பார்வை ரெண்டாத் தெரிஞ்சாலோ, நாக்குக் குழறுனாலோ, நடக்கையில கால் தடுமாறுனாலோ எங்கிட்ட வர வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்."

அவள் சொன்னது உங்களுடைய அந்தச் சாயங்காலம். நம் வீட்டில் ஒருவருக்காவது அது அன்று தெரிந்திருந்தால்?

பயந்து பயந்துதான் செய்தேன். சில வாரங்களில் ஸ்கூட்டரில் போகும்போது பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடிந்தது. ஒருநாள் நானாகவே கவிதாவைத் தொட அனுமதித்தேன். விரல் நுனிகளால் பிடரியை அழுத்தினாள். "போதும்" என்றேன், உடனே கையை எடுத்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் எடுத்ததனால்தான் மறுமுறை தொடவிட்டேன். இப்போது கையில் பிடிமானம் வந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் இன்னும் மரத்திருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் உங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்குக் குழறுகிறதா என்று.

கவிதா என் கழுத்தைத் தொடுகிற விஷயம் அம்மாவுக்குத் தெரிந்து போனது. சண்டை போட்டார், அழுதார், போன வாரம் எனக்குக் காவலாகக் கூடவே வந்துவிட்டார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கவிதா பக்கவாட்டிலிருந்து, "அம்மா, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். அம்மா தலையைத் திருப்பவில்லை. காலை மாற்றி வைத்து, உடம்பு மொத்தத்தையும் அவள் பக்கம் திருப்பினார்.

கவிதா கவனித்துவிட்டாள். "உங்களுக்கும் கழுத்து திரும்பலையாம்மா?"

அம்மா பொலபொலவென்று கண்ணீர் விட்டார். "அவுக மவுத்தாகி நம்மள விட்டுப் போனதுல இருந்தே இப்படித்தான்மா. வெளிய சொன்னா யாராச்சும் தலையப் பிடிச்சுருவாகளோன்னு பேசாம இருந்துட்டேன்."

இத்தனை வருஷமாக, அத்தா. அம்மாவும் நானும் ஒரே வீட்டில். வயசாகிவிட்டது, அதனால்தான் இப்படித் திரும்புகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

கவிதா அம்மாவைத் தொடவில்லை. "மொதல்ல டாக்டர் பாக்கட்டும்மா. இப்ப தோளை மட்டும் கீழ விடுங்க" என்றாள். அம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காதோடு ஒட்டியிருந்த தோள்களை மெதுவாக இறக்கினார். அவர் நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அங்கே என்ன சொல்வார்களோ தெரியாது. இருவரும் நடுங்கிக்கொண்டுதான் போவோம், ஆனால் போவோம். அம்மாவின் தலையை யாரும் வெடுக்கென்று திருக விடமாட்டேன். வலியை மறைத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருக்கவும் இனி விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு அத்தா.

உங்கள் துஆவை நம்பியிருக்கும் மூத்த மகள்,
பல்கீஸ்