மழைக்கும் அடைக்காத கதவு

மாமா, இன்று அடுப்படியைத் துடைக்கும்போது கை பட்டு, நீங்கள் ஆணியில் மாட்டிய அந்த உடைந்த காத்தாடித் தகடு ணங்கென்றது. சத்தம் அடங்குவதாகவே இல்லை. கையை வைத்து அமர்த்தினேன். வேறு வீடுகளில் சாமி படம் மாட்டுவார்கள், என் புருஷன் இரும்பை மாட்டியிருக்கிறார் என்று லயத்தில் உங்களைக் கேலி செய்தவள்தான் நான். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு யார் கேட்டாலும் கழற்ற விடமாட்டேன்.

தேயிலை ஸ்டோர் மேல்மாடியில் பறித்த கொழுந்தை வாட்ட அந்தப் பெரிய காத்தாடி வந்த புதிது. நீங்கள் அதைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். நானும் மற்றப் பெண்களும் அதன் எதிரில் கொழுந்து பரப்புகிறவர்கள். மடுல்சீமை மழை தெரியும்தானே, ஈரக்காற்று புகுந்தால் கொழுந்து வாடாது. மழை வந்ததும் சன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துவிடுவோம். அப்படி ஒரு நாள் காத்தாடி வெடவெடவென்று நடுங்கி, ஒரு தகடு முறிந்து, என் தலைக்கு மேலே சுவரில் செருகி நின்றது.

தகடு மெலிசு என்று கனமாக ஒன்றை அடித்துப் பொருத்தினீர்கள். அடுத்த மழையில் அதுவும் வெடிப்பு விட்டது. தோட்டத்துத் துரைக்குக் கொழுந்து குவிந்து வீணாகிற கவலை, அவரையும் குறை சொல்ல முடியாது. ஓட்டச் சொன்னார். நீங்கள் காத்தாடியைச் சுழற்றும் வாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

"பொம்பளைங்க எதிர்ல நிக்கிறாங்க தொரை. காரணம் தெரியாம ஓட்டமாட்டேன். வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்துங்க."

வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். ஆனாலும் அன்று பட்ட பெருமையை நம் கல்யாணத்தன்றுகூட நான் படவில்லை.

துரை முறைத்துப் பார்த்துவிட்டு, காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் தவணை தந்தார். நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"எப்பப்ப நடுங்குது புள்ள?"

"மழை பேஞ்சா நடுங்குது."

"மழை வெளியில பெய்யுது. இதுக்கென்ன?"

"நாங்க எல்லாத்தையும் அடைச்சிருவோமே."

எங்களைக் கீழே இறக்கிவிட்டு, தூணின் மறைவில் நின்றபடி காத்தாடியை ஓட்டினீர்கள். ஒவ்வொரு சன்னலாக அடைத்தீர்கள். கடைசிச் சன்னலை அடைத்ததும் மாடியே அதிர்ந்தது; திறந்ததும் அடங்கியது. சிரித்துக்கொண்டே இறங்கி வந்தீர்கள்.

"காத்து தடையில்லாம போனா, தகடு நடுங்குறத அந்தக் காத்தே அமத்திடுது. வழிய அடைச்சோம்னா அதே காத்து புடிச்சு உலுக்குது."

அதன்பிறகு மழைக்குச் சன்னலை அடைத்தாலும், கீழே தேயிலை காயவைக்கும் அடுப்பறைக் கதவை மட்டும் திறந்தே வைத்தோம். காத்தாடிக்குக் காற்று வர அது வழியானது, அங்கிருந்து சூட்டுக்காற்று மேலே ஏறியது. காத்தாடியும் அடங்கி ஓடியது, கொழுந்தும் வாடியது. துரையே அந்தக் கதவு திறந்தபடி நிற்கக் கொக்கி அடிக்கச் சொன்னார்.

இப்போதும் மழை பிடித்துக்கொண்டது. நம் மகள் அந்த மாடியில்தான் கொழுந்து பரப்புகிறாள். அந்தக் கதவை ஏன் அடைப்பதில்லை என்று அங்கிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. எப்போதும் அப்படித்தான் என்கிறார்கள். எனக்கு மட்டும் மழை வந்தால் கை வேலையில் நிற்காது. வாசலில் நின்று ஸ்டோர்ப் பக்கம் காதைக் கொடுக்கிறேன்.

ஒரே சீராக ஓடுகிறது மாமா. கேட்டுவிட்டுத்தான் உலை வைக்கிறேன்.