எதிர்க்கரைப் பலகை

பிப்ரவரி 1

அன்புள்ள நெட்டைக்கு,

நாளை நடுவர் அலுவலக ஜீப் பாலத்தைக் கடக்கும்போது இதுவும் வரும். இரண்டு நாடுகளுக்கும் நடுவே போய்வருவது இப்போது அந்த ஜீப் மட்டும்தான்.

விடுதியில் ஒரே சோப்பை நூலால் அறுத்துப் பங்கு போட்டோம். இன்று ஆற்றின் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு அளவுப் பலகை. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மட்டம் பார்த்துத் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறோம். "உங்க நலம் விசாரிச்சு எழுதிக்கலாம், தண்ணியப் பத்தி மட்டும் வேண்டாம்" என்கிறார் மூன்றாம் நாட்டு நடுவர். நம் இரு நாடுகளும் ஒன்றையொன்று நம்பாதபோது அவரும்தான் என்ன செய்வார்?

ஓர் ஆண்டு அளவு, ஒரு நாளும் விடாமல் சேர்ந்தால் தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தாகும், பாலம் திறக்கும். இன்னும் ஏழே வாரம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு உன்னைப் பார்க்கப் போகிறேன். பார்த்ததும் அழக் கூடாது என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். எனக்குத்தான்.

உன்,
குட்டை

பிப்ரவரி 8

அன்புள்ள குட்டைக்கு,

அந்தச் சோப்பில் பெரிய துண்டு எப்போதும் உனக்குத்தான். மறந்துவிட்டாயா?

படியில் வழுக்கிக் கால் சுளுக்கு. பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் பழசெல்லாம் வந்து வரிசையில் நிற்கிறது. விடுதிக் காப்பாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு நீ குறட்டை விடுவாயே. என் வீட்டுக்காரர் கேட்கிறார், "தனியா என்ன சிரிப்பு?" என்று. என்னவென்று சொல்வது?

நெட்டை

பிப்ரவரி 22

நெட்டை,

தண்ணீரைப் பற்றித்தான் எழுதுகிறேன். எல்லாம் அறிக்கையில் போய்விட்டது, இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

பதினெட்டாம் தேதியிலிருந்து உன் அளவும் என் அளவும் வழக்கத்தைவிட நான்கு சென்டிமீட்டர் அதிகம் விலகுவதாகச் சொன்னார்கள். போய்ச் சோதித்தால் என் பலகை நான்கு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. நான்தான் கூட்டி எழுதியிருக்கிறேன். ஆனால் ஏழாம் தேதி விடியும் முன்பே ஒரு பெரிய மரம் மிதந்து வந்து மோதியதாகக் காவல் சாவடிக்காரர் சொல்கிறார். அன்றிலிருந்து பதினொரு நாள் என் அளவு தவறு. அந்தப் பதினொரு நாளும் உன்னுடையது என்னோடு ஒத்துப்போயிருக்கிறது. எப்படி?

நடுவரின் செயலாளரும் அதைத்தான் கேட்டார். "நீங்க ரெண்டு பேரும் சிநேகிதிங்களாமே" என்றார், சிரிக்காமல். விசாரணை முடியும்வரை நான் பலகைப் பக்கம் போகக் கூடாதாம். வீட்டில் சும்மா உட்கார்ந்து பழகவே இல்லையடி.

குட்டை

மார்ச் 1

என் குட்டைக்கு,

நேற்று நடுவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீயும் தெரிந்துகொள்.

எங்கள் பக்கம் ஆற்றுக்கு எழுபத்துநான்கு படி. சுளுக்கிய காலோடு இறங்க முடியவில்லை. மாற்று ஆள் வரப் பத்து நாளாகும் என்றார்கள். ஒரு நாள் விடுபட்டாலும் கணக்கு முதலிலிருந்து, பாலம் இன்னும் ஒரு வருடம் மூடியிருக்கும். இவர் பறவை பார்க்க வாங்கிய தொலைநோக்கி வீட்டில் கிடந்தது. ஜன்னலிலிருந்து உன் பலகையைப் படித்தேன். வழக்கமாக என்னுடையது ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். அதைக் கழித்து எழுதினேன். பதினெட்டாம் தேதிதான் கால் தேறி நானே இறங்கினேன். உன் பலகை பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நீங்க கேட்டிருந்தா ஒரு வழி பண்ணியிருக்கலாமே அம்மா" என்றார் நடுவர். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உன்மேல் தவறில்லை என்று அவர் எழுதிவிட்டார். என் வேலை போய்விட்டது. மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். கணக்கு முதலிலிருந்து.

இன்னொன்று. முதல் நாள் பலகையைத் தேடினேன், தொலைநோக்கியில் நீ வந்தாய். வாராத தலை, ஒரு கையில் செருப்பு. படித்த எண்ணை மறுபடி குனிந்து படித்தாய். பரீட்சைத் தாளையும் அப்படித்தானே படிப்பாய். பதினொரு நாளும் பார்த்தேன். சொன்னால் மாட்டிக்கொள்வேனே என்று சொல்லவில்லை. என்னை மன்னிக்கக்கூட வேண்டாம், திட்டியாவது எழுது.

நெட்டை

மார்ச் 15

நெட்டை,

கோபம், அதனால்தான் போன வாரம் எழுதவில்லை. ஒரு வருடத்தைத் தொலைத்தாய் என்பதற்காக இல்லை. பத்தொன்பது வருடமாகப் பார்க்காதவளைப் பதினொரு நாள் பார்த்திருக்கிறாய், நான் உன்னை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. இது என்ன நியாயம்?

என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அளவு பார்ப்பவர்கள் தங்களுக்குள் கடிதம் எழுதக் கூடாதென்று புது விதி வந்திருக்கிறது. நீ இப்போது அளவு பார்ப்பவள் இல்லையே என்று செயலாளரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உறையை வாங்கிக்கொண்டார்.

எதிர்க்கரையில் எட்டு ஜன்னல் தெரிகிறது. உன்னுடையது எது? மாதக் கடைசி வரை அங்கேதானே இருப்பாய்.

இது உன் கையில் திங்கட்கிழமை கிடைக்கும். செவ்வாயிலிருந்து தலை வாரிக்கொண்டு இறங்குகிறேன்.

குட்டை