முக்கால் வந்துருச்சா?

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளைக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் பார்மசி படிக்கிறாள். சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கரைக்காமல் அப்படியே துணிமேல் ஊற்றிவிட்டாள் போலிருக்கிறது. முதுகுப் பக்கம் முழுக்கத் திட்டுத் திட்டாக நீலம். நீ இருந்திருந்தால் தெருவைத் தாண்டிப் போய், கோட்டைக் கயிற்றிலிருந்து உருவி, மறுபடி அலசிக் காயப்போட்டு, அவள் அம்மாவையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் திரும்பியிருப்பாய். நான் காப்பி டம்ளரோடு பார்த்துக்கொண்டே நின்றேன். காப்பி ஆறிப்போனது.

"இந்த வயசுல எதிர்வூட்டு மாடியில என்ன பார்வை?" என்று கேட்டாள் உன் தம்பி பெண்டாட்டி.

"அக்காவப் பாக்கறேன்" என்றேன். அவள் உள்ளே போய் வேறு காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

என் மகள் சாந்தி பி.பார்ம் சேர்ந்தபோது நமக்குள் வந்த முதல் சண்டையே இப்படியொரு கோட்டால்தான். எண்பதுகளில் நம் பக்கம் அந்தப் படிப்பின் பேரைச் சொன்னால், "கம்பவுண்டர் வேலைக்கா?" என்று கேட்பார்கள். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னையும் படிப்பையும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு பிரித்து வைத்தது ஆங்கிலப் பாடம். சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகளுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்ததும், அவர்கள் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்த பல்கலைக்கழக விதிப் புத்தகத்தை ஆலையில் எல்லோரும் பார்க்கும்படி மேஜைமேல் விரித்துவைத்துப் படித்தேன். படித்தேன் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் 'ஆனால்' என்று ஒரு வால் இருந்தது. அந்த வாலுக்குப் பின்னால் இன்னொரு வால். வால் முடிவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

வெள்ளைக் கோட்டு இல்லாமல் செய்முறை வகுப்புக்குள் விடமாட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. தருமபுரியில் தைத்து வாங்கிவந்த கோட்டை சாந்தி போட்டுக் காட்டியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

"வயசுப் புள்ளைக்கு வெள்ளையாடா போடுவாங்க? இந்தக் குடும்பத்துல வெள்ளை நான் ஒருத்தி உடுத்தறது பத்தாதா?"

மாமா போனதிலிருந்து உனக்கு வெள்ளைச் சேலைதான். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை வாரிவிட்டு வளர்த்தவள் நீ. உன் முன்னால் நான் வாய் திறந்ததெல்லாம் சாப்பிடத்தான். "ரூலுக்கா" என்றேன். "நல்ல ரூலு" என்று சொல்லிவிட்டு நீ நல்லம்பள்ளி பஸ் ஏறிவிட்டாய்.

அந்த ரூலைவிடப் பெரிய ரூல் ஒன்று உன்னிடம் இருந்தது. தம்பி மகள் அக்கா மகனுக்கு. உன் மகன் மாதேசனுக்கும் சாந்திக்கும் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்தது. மாதேசன் தங்கமான பையன். டிராக்டரில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்கு வந்தால் நம் வீட்டில் தலையைக் காட்டாமல் போகமாட்டான். அவன்மேல் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. சாந்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "படிச்சு முடிச்சுடறேன்பா. அதுக்கப்புறம் எது வேணாலும் பேசுங்க."

மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்துப் படிப்பு படிக்கிறவள் வீட்டுக்கு வந்து, நீ அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவள் தேறி எழுந்து உட்காரவும் ஆடிப் பதினெட்டு வரவும் சரியாக இருந்தது. அன்றைக்கு நீ நம் சித்தப்பாவையும் மாதேசனையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு வந்து இறங்கினாய்.

"ஆவணியில கண்ணாலத்த முடிச்சுப்புடலாம்டா. உடம்பும் தேறிட்டா. படிப்ப நானா வேணாங்கறேன்? கட்டிக்கிட்டுப் படிக்கட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அடுப்படி வாசலில் நின்ற சாந்தியின் முகத்தைப் பார்த்தேன். காமாலையில் ஏற்கெனவே நிறைய நாள் போயிருந்தது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது, அதே வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். தாலி கட்டிக்கொண்டு போன பெண்ணை மறுபடி யார் காலேஜுக்கு அனுப்புவார்கள்? படிப்பு அதோடு முடிந்தது. இவ்வளவையும் உன்னிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. "யுனிவர்சிடி ரூலு விடாதுக்கா" என்று முனகினேன்.

"எந்த ரூலு? கொண்டா அத."

கொண்டுவந்து நீட்டினேன். தலைகீழாக நீட்டினேன் என்று சித்தப்பா கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீ புத்தகத்தை வாங்கவில்லை. சாந்தியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாய்.

"கண்ணாலம் கட்டக்கூடாதுன்னு இதுல போட்டிருக்கா சாமி?"

"இல்லீங்கத்தை."

என் மானம் அங்கேயே போனது.

"அப்புறம் என்னதான் போட்டிருக்கு?"

"காலேஜு நடக்கற நாள்ல முக்கால்வாசி நாள் நாங்க இருக்கணுங்கத்தை. இல்லன்னா பரீட்சை எழுத வுடமாட்டாங்க. தியரிக்குத் தனிக் கணக்கு, பிராக்டிகலுக்குத் தனிக் கணக்கு."

நீ எழுந்து போய்ப் புளியங்கொட்டை டப்பாவை எடுத்துவந்து முறத்தில் கொட்டினாய்.

"இது காலேஜு நாளுன்னு வெச்சுக்க. நாலு கூறு போடு. மூணு கூறு அவங்களுது. ஒரு கூறு நம்முது. நம்ம கூறுக்குள்ள கண்ணாலம் முடிஞ்சுதுன்னா எவன் கேப்பான்?"

குத்தகை நிலத்துக் கணக்கு மாதிரியே போட்டாய். நான் மேஜைமேல் வைத்துத் தூங்கி விழுந்த விதி முறத்தில் பளிச்சென்று கிடந்தது. நம் கூறிலிருந்து முதலில் காமாலைக்கு ஒரு கை அள்ளி ஒதுக்கினாய். பிறகு கல்யாணத்துக்கு. அதற்கு முன்னால் நலங்கு, பின்னால் மறுவீடு. அப்புறம் விருந்து. "பெரியவூட்டுக்காரங்க, பங்காளிங்க, எம் பெரிய மவன் மாமனாரு வூடு... ஒருத்தர வுட்டா ஒருத்தர் மொகம் குடுத்துப் பேச மாட்டாங்க" என்று வீட்டுக்கு வீடு கொட்டைகள் போயின. குலதெய்வத்துக்குப் பொங்கல். மாதேசன் குழந்தையில் காய்ச்சலாகக் கிடந்தபோது நீ வேண்டிக்கொண்ட தீர்த்தமலை. ஜோடியாக மலை ஏறவேண்டும். தலைதீபாவளிக்கு நீ கையை நீட்டியபோது நம் கூறு காலி.

நீ முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தலைதீபாவளிய வுட்டுடலாமாக்கா?" என்றேன், உதவி செய்கிற நினைப்பில்.

"எம் மவனுக்குத் தலைதீபாவளி இல்லியா? அவன் என்ன அனாதையா? இல்ல, உன் வூட்டுல மாப்பிள்ளைக்கு எண்ணெ வெக்க வக்கில்லியா?"

"அப்ப விருந்துல ஒண்ணு ரெண்ட..."

"வாய மூடு."

மூடினேன். அப்போதுதான் சித்தப்பா, பாவம், அவரும் உதவிக்கு வந்தார்.

"ஏம்மா சாந்தி, நாள் கொறஞ்சா அவங்களே வுட்டுக் குடுப்பாங்கன்னு ஏதோ சொன்னியே?"

"உடம்பு சரியில்லன்னு டாக்டர் சர்டிபிகேட் வெச்சா, கொஞ்ச நாள மன்னிச்சு வுடுவாங்க தாத்தா."

"அப்புறமென்ன? நம்ம டாக்டருகிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டாப் போவுது. கண்ணாலத்துக்கும் சேத்தே எழுதித் தரச் சொல்லு."

உன் முகம் சிவந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

"என்னாது? எம் மவனைக் கட்டறது வியாதியா? வியாதின்னு ஒரு டாக்டரு எழுதிக் குடுத்து, அதப் படிச்சுப்புட்டு அவங்க மன்னிக்கணுமா? எம் மவனைக் கட்டுனதுக்கு மன்னிப்பா?"

முதலில் சிரித்தது மாதேசன்தான். அடக்கமாட்டாமல் வாசலுக்கே ஓடிவிட்டான். சாந்தி தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சித்தப்பா எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தார். கடைசியில் நீயும் சிரித்துவிட்டாய். சிரித்துக்கொண்டே கொட்டைகளைக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டு மூடினாய்.

"ஒண்ணையும் வுட்டுப்புட்டு அரகொறையா கண்ணாலம் பண்ண எனக்கு இஷ்டம் இல்லடா. பண்ணா முழுசா பண்ணணும். அவ முடிச்சுட்டே வரட்டும்."

கொண்டுவந்த தட்டை நீ திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. "வெத்தல வாடிப்போவும், போடுங்க" என்று எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாய். அடுப்படியில் சாந்தி அழுதுகொண்டே எனக்குச் சோறு போட்டாள். நான் அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பிட்டேன். வீரச் செயல் செய்தவனைப் போல.

அதன் பிறகு அந்த விதிக்கு உன்னைப்போல ஒரு காவல் வேறெங்கும் கிடைத்திருக்காது. உங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்குச் சாந்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"இன்னிக்கு என்ன, பிராக்டிகலா?" என்றாய்.

"ஆமாங்கத்தை. ஒரு நாள்தானுங்க..."

கறிக்குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றிக் கையில் கொடுத்து, அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பினாய். "மாரியாத்தா எங்கயும் போவமாட்டா. உங் கூறு போனா வராது." நானாக இருந்தால் விட்டிருப்பேன். அதனால்தான் என்னை யாரும் காவலுக்கு வைப்பதில்லை.

முறையான விடுமுறையில் அவள் வந்தால் கோட்டைத் துவைப்பது நீதான். வேறு யாரையும் தொடவிடமாட்டாய். நீலத்தைக் குவளைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம்தான் கோட்டை முக்குவாய். உன் சேலையும் அவள் கோட்டும் ஒரே கயிற்றில் காயும். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காமலேயே சொன்னாய்: "இது வேற வெள்ளடா."

பங்குனியில் வருகைக் கணக்கு முடிந்து, யார் பரீட்சை எழுதலாம் என்று தெரியவேண்டிய நாள் வந்தது. நானும் வருவேன் என்று நீ பிடிவாதமாகக் கிளம்பினாய். தொப்பூர்க் கணவாய் இறங்குகிற பஸ்ஸில், உன் மடியில் மஞ்சள் பை, பைக்குள் தேங்காய். "சாமிக்கா?" என்றேன். "பேசாம வா" என்றாய். உன் கை பையை விடவே இல்லை.

கல்லூரி வராந்தாவில் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. ஆங்கிலம். விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே போனேன். நம்பிக்கை இல்லாமல் கீழிருந்து மேலேயும் வந்தேன்.

"சாந்தி பேரு இல்லக்கா" என்றேன்.

அடுத்த வார்த்தை நான் சொல்வதற்குள் நீ ஜன்னலில் இருந்த குமாஸ்தாமேல் பாய்ந்துவிட்டாய். "ஏனுங்க, மூணு வருசமா படிக்கறவ பேரு எப்படிங்க இல்லாமப் போவும்? மாரியம்மன் பண்டிகைக்குக்கூட நான் வுடலீங்க!"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உன்னைப் பார்த்தார். "அம்மா, அதுல பேரு இருந்தாத்தாங்க கஷ்டம். அது முக்கால் வராதவங்க பேரு."

நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய். "அப்ப, வந்துருச்சாங்க?"

"வந்துருச்சும்மா."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

அதற்குள் சாந்தி வகுப்பிலிருந்து ஓடிவந்தாள், வெள்ளைக் கோட்டோடு. நீ அவளைக் கட்டிக்கொண்டபோது எது உன் சேலை, எது அவள் கோட்டு என்று எனக்குத் தெரியவில்லை. என் கண் அப்படி இருந்தது.

மாமா போன பிறகு நல்ல காரியங்களுக்குத் தேங்காய் நீ வாங்கி வருவாய். உடைக்க இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாய். அன்றைக்கும் வழக்கம்போல நான் கையை நீட்டினேன். நீ தரவில்லை. கல்லூரி வாசலில் இருந்த கல்லில் நீயே ஓங்கி அடித்தாய். சரிபாதியாக உடைந்தது. வாட்ச்மேன் ஓடிவந்தான்.

"இங்கெல்லாம் தேங்கா ஒடைக்கக் கூடாதும்மா!"

"எந்த ரூலுல போட்டிருக்கு? புத்தகத்தக் கொண்டா."

அவனிடம் புத்தகம் இல்லை. ஒரு மூடியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு நடந்தாய்.

அடுத்த வருடம் சாந்தி படிப்பையும் முடித்தாள். அதற்குள் மாதேசன், ஓசூர்ப் பக்கம் நாற்று வாங்கப் போன இடத்தில் கன்னடம் பேசுகிற ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து, அதை முதலில் சாந்தியிடம்தான் சொன்னான். உன்னிடம் பேசி முடித்ததும் அவள்தான். நீ கொஞ்ச நாள் எல்லோரையும் முறைத்தாய். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டாய்: எல்லாம் முழுசாக நடக்கவேண்டும். நடந்தது. நலங்கு, மறுவீடு, வீடு வீடாக விருந்து, தலைதீபாவளி, ஒன்றும் பாக்கி இல்லை. தீர்த்தமலைக்கு நானும் உங்களோடு ஏறினேன். பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, திரும்பி வரும்போது சேர்ந்துகொண்டேன்.

சாந்தி ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நீ வரிசையில் நின்றுதான் மாத்திரை வாங்குவாய். "முன்னால வாங்கத்தை" என்று அவள் கூப்பிட்டாலும் போகமாட்டாய். வரிசையில் நின்றால்தானே பின்னால் நிற்பவர்களிடம் சொல்ல முடியும்? "எந் தம்பி மவ. முக்காலுக்கு மேல வந்தவ." அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் தலையை ஆட்டுவார்கள்.

காப்பி குடித்துவிட்டு இன்று எதிர்வீட்டுக்குப் போனேன், அக்கா. "நீலத்த மொதல்ல தண்ணியில கரைச்சுக்க கண்ணு" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். திரும்பி வந்தவன் கேட்டில் நின்று, "ஆமா, அட்டெண்டன்ஸ் முக்கால் வந்துருச்சா?" என்றேன். "உங்களுக்கு எப்படித் தாத்தா இதெல்லாம் தெரியும்?" என்றாள். நான் படித்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்த கடைசி நாட்களில் நான் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறென்ன தெரியும்? ஒரு சாயங்காலம், நீ தூங்குகிறாய் என்று நினைத்திருந்தபோது, கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாய்.

"டேய். தெனமும் வர்றியா?"

"வர்றேன்க்கா."

போர்வைமேல் கிடந்த விரல்கள் மெல்ல அசைந்தன. புளியங்கொட்டை ஒதுக்குகிற அதே அசைவு.

"உனக்கு முக்கால் வந்துருச்சுடா. வூட்டுக்குப் போ. போய்ச் சோறு தின்னு."

ஆங்கிலத்தில் தோற்றுத் தோற்று வீட்டுக்கு வந்த உன் தம்பி வாழ்க்கையில் தேறியது அந்த ஒன்றில்தான், அக்கா. அந்தத் தேர்ச்சியோடுதான் இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.