நடுவில் தடித்த கேபிள்

வியாழக்கிழமை, செம்பூர்

1. கேபிள் போலி.
2. கடைக்கார ரஹீம் நாலு பேர் முன்னால் என்னைக் கேலி செய்தது அநியாயம்.
3. நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

பழைய கணினியின் வட்டு முனகுகிறது. பக்கத்துக் குடிசைப்பகுதியான சீத்தா கேம்ப் பிள்ளைகளுக்காக என் மனைவி ஸ்டெல்லா பதினோரு வருடம் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடங்கள் அதில்தான் இருக்கின்றன. அது நிற்பதற்குள் புதிய கணினிக்கு மாற்றவே, இரண்டையும் நேராக இணைக்கும், நடுவில் தடித்த யூஎஸ்பி கேபிளை ரஹீமிடம் வாங்கினேன். இணைத்தும் ஒரு கோப்புகூட நகரவில்லை.

காலையில் கடைக்குப் போய், "இது போலிச் சரக்கு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"பெரியவரே, டென்ஷன் எடுக்காதீய. இதையே எத்தனையோ பேரு கொண்டு போயிருக்காவ. உங்க கையில மட்டும் ஓட மாட்டேங்குதாக்கும்?"

கடையே சிரித்தது. என்னிடமா இந்தப் பேச்சு! கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கக் கொடுக்கும் முகவரியின் ஒவ்வொரு எண்ணையும் தாளில் எழுதி, இரண்டு கணினியிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்தவன் நான்.

வீட்டில் ஸ்டெல்லா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே நம்பரா? நம்ம பில்டிங்ல ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் போட்டா கூரியர்காரன் எங்கங்க போவான்?"

புதிய கணினியின் முகவரியில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினேன். பாடங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

மூன்றாவது உண்மைதான்; ஆனால் தவறையே மூன்று முறை சரிபார்த்திருக்கிறேன். இரண்டாவதை நான் விடமாட்டேன், அந்தச் சிரிப்பு இன்னும் சுடுகிறது. ஆனால் நானும் நாலு பேர் முன்னால்தான் போலி என்று சொன்னேன். நாளை கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

முதலாவது தவறு.